ராட்செற் பெல்ற்: படகுக்குச் சரி, பாய்மரத்துக்கு வேண்டாம்

புதுக்குடியிருப்பில ஒரு கடையில ராட்செற் பெல்ற், அதாவது பிடியை ஆட்டப் பல்லுச்சில்லு சுத்தி இறுக்கிற கட்டுப்பட்டி, வாங்கினன். ஒரு அங்குல அகலம், சோடி 1800 ரூபா. எங்கட 14 அடிப் பாய்ப்படகை ரெயிலரில ஏத்தி, முல்லைத்தீவிலயிருந்து ஏ35 வீதி வழியாப் பரந்தனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

படகைப் பிடிக்க அருமையான சாமான். கிளிக் கிளிக்கெண்டு நாலு இழுவை. விசுவமடு தாண்டியும் அசையேல்ல. என்ர பிழை, மற்றதைப் பாய்மரத்துக்குப் போட்டது. பாய்மரத்தை இறக்கிப் படுக்க வைச்சா, பக்கக் கம்பியளை விரிச்சுப் பிடிக்கிற ஸ்பிரெடர் ரெண்டும் இழுவை இல்லாமல் ஆடும். அதை அடக்கவெண்டு பெல்ற்றை இறுக்கினன். ஒண்டின்ர அடித்தகடு வளைஞ்சுபோச்சு. மற்றதின்ர நுனி மூடி கழண்டு, படகின்ர பைபர் உடம்பில விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அலுமினியக் குழாய்க்கு லொறிச் சாமான் கட்டுற பலம் எதுக்கு?

திரும்பி வரேக்க மாமா பழைய சைக்கிள் ரியூப்பை நீட்டு நீட்டா வெட்டித் தந்தார். கம்பியளைப் பாய்மரத்தோட சேர்த்து மூண்டு இடத்தில கட்டினம். ஸ்பிரெடர் நுனிக்குக் கிழிஞ்ச சாரம், அதுக்கு மேல ரியூப். தொங்கிற கம்பிதான் ஸ்பிரெடரை இழுத்து முறிக்கிறதெண்டு அப்பதான் விளங்கிச்சு. செலவு ஒரு சதமும் இல்லை.

பெல்ற்றில இன்னொரு குறை: உப்புக்காத்தில ஒரு மாதத்துக்குள்ள பல்லுச்சில்லு துருப்பிடிச்சிட்டுது. இப்ப கிறீஸ் பூசித்தான் வைச்சிருக்கிறன். 1800க்கு அதையும் சேர்த்துத் தந்திருக்கலாம்.