ஏழு ஆண்டு அனுபவம்: சென்னையில் ஓர் அமெச்சூர் ஓவியக் குழுவும் அதன் டெமோக்களும்

2018ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையிலுள்ள ஓர் அமெச்சூர் ஓவியக் குழுவில் சேர்ந்தேன். வங்கியில் வேலை பார்ப்பவள் நான். பள்ளி நாட்களில் கேமல் வண்ணக் கட்டிகளைக் கரைத்ததைத் தவிர ஓவியத்தோடு வேறு தொடர்பு கிடையாது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன் என்பதால், இதுபோன்ற ஒரு குழுவில் சேரலாமா, சேர்ந்தால் கொடுக்கும் நேரத்துக்கும் பணத்துக்கும் என்ன கிடைக்கும் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணி முதல் ஒன்பதரை வரை நகரின் ஏதாவது ஓரிடத்தில் கூடி வரைவோம். இதற்குக் கட்டணம் இல்லை. மாதம் ஒருமுறை, சனிக்கிழமை மாலையில், ஒரு பள்ளியின் கூடத்தில் அனுபவமுள்ள ஓவியர் ஒருவர் வெற்றுத் தாளில் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் ஒரு படத்தை எங்கள் முன்னால் வரைந்து காட்டுவார். அழைப்பில் ‘செய்முறை விளக்கம்’ என்று அச்சாகியிருக்கும். வாய்ப்பேச்சில் அது டெமோதான். அதற்கு முந்நூறு ரூபாய். மூன்று மாதத்துக்கொருமுறை விமர்சனக் கூட்டம், ஆண்டுக்கு ஒரு கண்காட்சி. இவற்றில் டெமோவைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன். புதிதாக வருகிறவர்கள் ஆசையோடு வருவது அதற்குத்தான். முதல் ஆண்டில் நான் முழுக்க வீணடித்ததும் அதைத்தான்.

எப்படி வீணடித்தேன் என்றால், படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டெமோவில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளத்தை நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். வந்திருந்த ஓவியர் பலகையின் மேல்முனைக்கு அடியில் ஒரு வண்ணச் சிமிழை வைத்துச் சற்றுச் சரித்துக்கொண்டார். பெரிய பிரஷ்ஷில் வெறும் தண்ணீரை எடுத்துத் தாளின் மேல்பாதியை நனைத்தார். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் கலந்து ஒரு சாம்பல் நிறத்தை உண்டாக்கி, மேலிருந்து இறக்கினார். எட்டு நிமிடத்துக்குள் வானம் முடிந்துவிட்டது, கூடத்தில் கைதட்டல். அதன் பிறகு ஏறக்குறைய இருபது நிமிடம் அவர் எதுவுமே செய்யாததுபோலத்தான் தோன்றியது. தேநீர் வந்தது, நாங்களும் எழுந்து பேசப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது கோபுரம் பாதி நின்றிருந்தது; அதன் ஒரு விளிம்பு வானத்தில் மங்கிக் கரைந்தும், மறு விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் துல்லியமாகவும் இருந்தது. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அது நடந்ததே நான் சமோசா தின்றுகொண்டிருந்த அந்த இருபது நிமிடத்தில்தான்.

மறுநாள் வீட்டில் அதே நிறங்களை வைத்துக்கொண்டு முயன்றபோது வானமெங்கும் காலிஃபிளவர் பூத்தது. நீர்வண்ணம் பழகியவர்களுக்கு இந்தப் பூ நன்கு தெரியும்: பாதி காய்ந்த இடத்தில் கூடுதல் தண்ணீர் உள்ள பிரஷ்ஷை வைத்தால், அந்தத் தண்ணீர் பரவும்போது அங்கிருக்கும் வண்ணத்துகளைத் தள்ளிக்கொண்டு போய், ஓரத்தில் பற்களுள்ள கறையாகச் சேர்த்துவிடும். ஓவியர் காத்திருந்தது இதைத் தவிர்க்கத்தான். மங்கிய விளிம்பை ஈரம் இருக்கும்போதே வைத்துவிட்டார். துல்லியமான விளிம்புக்காகத் தாள் உலரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஆண்டிலிருந்து செல்பேசியில் காணொளி எடுப்பதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொண்டேன். (எடுத்த காணொளிகளில் ஒன்றைக்கூட மறுபடி பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அதில் மூன்றே பத்திகள்: மணி என்ன, தாளின் ஈரம் எப்படியிருக்கிறது, ஓவியர் என்ன செய்கிறார். தாள் கண்ணாடியாக மின்னுகிறதா, மினுமினுப்பு அடங்கி மங்கலாகிவிட்டதா, பார்வைக்கு உலர்ந்ததுபோல் இருந்தும் புறங்கையால் தொட்டால் சில்லென்றிருக்கிறதா என்பதே ஈரத்தின் கணக்கு. சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு, தொடக்கூடாது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை டெமோவுக்குப் போனாலும் மேஜிக் ஷோ பார்த்துவிட்டு வந்த கதைதான். அதுவும் சென்னையில் மே மாதம் மின்விசிறிக்கடியில் சில நிமிடங்களில் காயும் பூச்சு, நவம்பர் மழையில் அரை மணி நேரமானாலும் நசநசவென்றே இருக்கும். ஆகவே ஒருவர் சொல்லும் நிமிடக் கணக்கை அப்படியே மனப்பாடம் செய்தும் பயனில்லை. சில ஓவியர்கள் நேரத்தை மிச்சப்படுத்த ஹேர் டிரையரை ஓட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் அவர்கள் சொல்லும் விளக்கம் ஒன்றும் காதில் விழாது.

இருக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேசைக்கு மேலே கேமரா மாட்டித் திரையில் காட்டுகிறார்கள். ஆனால் எங்கள் புரொஜெக்டரில் எல்லா நிறமும் சற்று நீலமேறித் தெரியும். நிறம் பார்க்க வேண்டுமானால் முன்வரிசைதான். ஓவியர் வலக்கையர் என்றால் அவருடைய இடப்பக்கத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரமும் அவருடைய முழங்கையைத்தான் பார்க்க நேரும்.

டெமோக்களில் போதுமான அளவு சொல்லப்படாத விஷயம் தாள். வருகிற ஓவியர்கள் பெரும்பாலும் முழுப் பருத்தியாலான 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாளில் வரைகிறார்கள். நாங்களோ மரக்கூழில் செய்த விலை குறைந்த தாளில் அதையே செய்து பார்த்துவிட்டு, நமக்குக் கை வரவில்லை என்று சோர்ந்துபோகிறோம். பருத்தித் தாள் ஈரத்தை நெடுநேரம் தாங்கும், ஒருமுறை போட்ட வண்ணத்தின் மேல் மறுபடி தடவினாலும் கலங்காது. மரக்கூழ்த் தாளில் அந்த அவகாசம் இல்லை. கணிசமாக விலை கூடுதல்தான். பெரிய தாளாக வாங்கி எட்டாகக் கிழித்துக்கொண்டால் கட்டுப்படியாகும். வாங்கியதைப் பத்திரமாக வைப்பதும் முக்கியம். ஒரு மழைக்காலத்தில் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்த என்னுடைய கட்டு ஈரம் கோத்து, தாளின் மேலுள்ள பசைப்பூச்சு ஆங்காங்கே கெட்டுவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்ணம் பட்டதும் அந்த இடங்கள் மட்டும் மைஒற்றுத்தாள்போல உறிஞ்சிப் புள்ளி புள்ளியாகக் கறுத்தன.

டெமோவில் குறித்ததைச் சோதித்துப் பார்க்கும் இடம் ஞாயிற்றுக்கிழமை. கபாலீசுவரர் கோயிலுக்கு மேற்கே குளம். குளத்துக்கு மேற்கே ராமகிருஷ்ண மடம் சாலை. காலையில் அங்கு நின்று பார்த்தால் சூரியன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும். கோபுரத்தின் சுதை உருவங்கள் எல்லாம் நிழலில் ஒன்றாகிவிடும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள் என்று டெமோவில் சொன்னதன் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது: பாதி மூடிய கண்ணுக்கு முன்னூறு பொம்மைகள் தெரியாது, ஒரே ஒரு சாம்பல் வடிவம்தான் தெரியும், அதை ஒரே பூச்சில் போட்டுவிடலாம். மாலையில் போனால் வெளிச்சம் நேராக விழுந்து ஒவ்வொரு பொம்மையும் எண்ணு எண்ணு என்று கூப்பிடும். தொடக்கக்காரர்கள் அந்த வம்புக்குப் போகாமலிருப்பது நல்லது.

தெருவில் வரைவதற்குக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். பூக்கட்டும் அம்மா ஒருவர் என் தோளுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றிருந்துவிட்டு, “எல்லாம் சரிம்மா, நம்ம கடைய எங்க காணோம்?” என்று கேட்டார். கடையைச் சேர்த்தேன், படமும் அதனால் தேறியது. எழும்பூர் ரயில் நிலையம், கடற்கரை எதிரில் செனட் ஹவுஸ், காசிமேடு என்று மாறி மாறிப் போகிறோம். எழும்பூர்ப் பக்கம் போகும்போதெல்லாம், 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த ஓவியப் பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது, அருகிலேயே இருக்கிறதே என்று யாராவது நினைவூட்டுவார்கள். அங்கே படித்த சில்பி, ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் அங்கேயே உட்கார்ந்து சிற்பங்களை வரைந்தவர். இரண்டு மணி நேரத்தில் முதுகு வலிக்கிறது என்று மடக்கு நாற்காலியை மாற்றிக்கொள்ளும் நாங்கள் அவரை நினைத்துக்கொள்வது ஒரு நல்ல ஒழுங்கு.

2020இல் ஊரடங்கு வந்தபோது டெமோக்கள் ஜூமுக்கு மாறின. தாளுக்கு நேர் மேலே கேமரா இருந்ததால் பிரஷ்ஷின் நுனிவரை தெரிந்தது. கூடத்தில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. ஆனால் வண்ணம் கூடக்கூடக் கேமரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்துகொண்டே இருந்ததால், பழுப்பு ஒரு கணம் சிவப்பாகவும் மறுகணம் சாம்பலாகவும் மாறியது. தாளின் ஈர மினுமினுப்பும் திரையில் சரியாகத் தெரியவில்லை. எனக்கு அது பாதி டெமோதான்.

உருவப்பட டெமோக்கள் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ நடக்கும். ஆளை உட்காரவைத்து இருபது நிமிடம் வரைந்து, ஐந்து நிமிடம் ஓய்வு கொடுப்பார்கள். எழுந்து போகுமுன் நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிடுவார்கள். எண்ணெய் வண்ண டெமோ மட்டும் அரிது. டர்பன்டைன் வாடை பள்ளிக் கூடத்துக்கு ஒத்துவராது என்பது காரணம். எண்ணெய் வண்ணம் கற்க விரும்புகிறவர்கள் வேறிடம் பார்ப்பதே நல்லது.

விமர்சனக் கூட்டத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் எதைப் போட்டாலும் கும்பிடும் கைகளும் ‘சூப்பர் மேடம்’களும்தான் வரும். கூட்டத்தில் விதி வேறு: படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வரைந்தவர் பேசாமல் இருக்க வேண்டும், மற்றவர்கள் தங்கள் கண் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். என் படகுப் படத்தில் ஒன்பது பேரின் கண்ணும் மூலையிலிருந்த ஒரு சிவப்பு வாளிக்குப் போனது. படகை யாருமே சொல்லவில்லை.

கண்காட்சியில் கலந்துகொள்வது மகிழ்ச்சிதான். செலவழித்த பணம் திரும்பி வருவதில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். முதல் கண்காட்சிக்கு ஒரு கடையில் சட்டம் போட்டபோது, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் என்ற அட்டை விளிம்பை வைக்காமல் நேராகவே அழுத்திவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, வானத்தில் பூஞ்சைப் புள்ளிகள் வந்துவிட்டன. மவுண்ட் போடச் சொல்லி நீங்களே கேட்டு வாங்குங்கள்.

குறைகளில் பெரியது, காலை ஏழு மணிக்குக் கூடும் பல இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது. இதைப் பலமுறை சொன்ன பிறகே இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அதை விசாரிக்கிறார்கள். இன்னொன்று, அழைக்கப்படும் ஓவியர்கள் திரும்பத் திரும்ப அதே சிலர். நான்காம் ஆண்டுக்குள் அடுத்து எந்த நிறத்தை எடுப்பார்கள் என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது.

சென்ற ஆகஸ்டில் புதியவர்களுக்காக அரை மணி நேர டெமோ ஒன்றை என்னையே செய்யச் சொன்னார்கள். அதே குளம், அதே சாம்பல் வானம். பதற்றத்தில் மினுமினுப்பு அடங்கியதைக் கவனிக்காமல் பிரஷ்ஷை வைத்துவிட்டேன். எல்லோர் கண்ணெதிரிலும் பெரிய காலிஃபிளவர் ஒன்று விரிந்தது. மேகமாக மாற்றி மறைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசையில், என் இடப்பக்கத்தில், நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிச் சிறுமி, “ஆன்ட்டி, இது வேணும்னே போட்டீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அது ஏன் வந்தது என்று சொல்லி, தாளின் ஓரத்தில் வேண்டுமென்றே இன்னும் இரண்டு பூக்களை வரவழைத்துக் காட்டியதில் நேரம் முடிந்துவிட்டது. கோபுரத்தைத் தொடவே இல்லை.