தொண்டை வலிக்கான வீட்டுச் சோதனைப் பெட்டி: ஒரு மதிப்பீடு

குழந்தையின் தொண்டை வலி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்ததா என்பதை வீட்டிலேயே 5 நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்ற அறிவிப்புடன் விற்கப்படும் விரைவுச் சோதனைப் பெட்டிகளில் ஒன்றை வாங்கிப் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்பீடு இது. தனித்தனி உறைகளில் பஞ்சுக் குச்சிகள், இரண்டு சிறு புட்டிகளில் கரைசல்கள், பிளாஸ்டிக் குழாய்கள், ஈரம் புகாத உறையிலிட்ட சோதனைப் பட்டைகள், பொடி எழுத்தில் அச்சிட்ட ஒரு துண்டுத்தாள் ஆகியவை பெட்டிக்குள் இருக்கின்றன. பட்டையிலும் கரைசலிலும் பெரிய குறை சொல்வதற்கில்லை. என் குறையெல்லாம் அந்தத் துண்டுத்தாளின் மீதுதான். சோதனையை எப்படிச் செய்வது என்பதை அது படம் போட்டு விளக்குகிறது, எந்தக் குழந்தைக்குச் செய்யத் தேவையே இல்லை என்பதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது.

தொண்டை வலி வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் வைரஸ்தான். சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ், கண் சிவப்பையும் கூட்டிக்கொண்டு வரும் அடினோவைரஸ் போன்றவற்றிடம் ஆன்டிபயாடிக் எடுபடாது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி, தொண்டை வலிக்காக மருத்துவரிடம் அழைத்துவரப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 37 சதவீதத்தினரின் தொண்டையில், இப்பெட்டி தேடும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்ட்ரெப்) என்ற பாக்டீரியா இருந்தது. 5 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்த அளவு 24 சதவீதமாகக் குறைந்தது. விகிதம் இப்படியிருந்தாலும் மொத்த எண்ணிக்கை சிறியதன்று. உலகில் எல்லா வயதினரையும் சேர்த்து ஆண்டுக்கு 61 கோடிக்கும் மேற்பட்ட ஸ்ட்ரெப் தொண்டை அழற்சிகள் ஏற்படுவதாக 2005இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அவற்றில் பெரும்பங்கு 5 முதல் 15 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளுடையது.

இந்தக் கிருமியைத் தேடிப் பிடிக்க வேண்டிய காரணம் வலியன்று, ஏனென்றால் ஸ்ட்ரெப் தொண்டை வலிகூடப் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே தணிந்துவிடும். கவனிக்காமல் விடப்பட்ட சில குழந்தைகளுக்கு, வலி அடங்கி இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, மூட்டுகளைத் தாக்கி இதயத்தையும் பற்றும் வாதக் காய்ச்சல் வருகிறது. திரும்பத் திரும்ப வந்தால் இதய வால்வுகள் நிரந்தரமாகச் சேதமடைகின்றன. இவ்விதம் இதயம் பாதிக்கப்பட்டவர்கள் உலகில் 4 கோடிக்கும் மேல் இருக்கிறார்கள், அவர்களில் மிகப் பலர் ஏழை நாடுகளில் வாழ்பவர்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை இதற்கெனத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. சோதனைப் பெட்டியின் அட்டையில் சிரிக்கும் குழந்தையின் படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் கால்பங்கை இந்தச் செய்திக்குக் கொடுத்திருக்கலாம்.

இனிச் சோதனைக்கு வருவோம். குழந்தையை வெளிச்சத்தை நோக்கி உட்காரவைத்து, நாக்கை ஒரு கரண்டிக் காம்பால் அழுத்திப் பிடித்து, இரண்டு டான்சில்களிலும் அவற்றுக்குப் பின்னால் தெரியும் தொண்டைச் சுவரிலும் பஞ்சுக் குச்சியை அழுத்தித் தேய்த்து எடுக்க வேண்டும். குச்சி நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ பட்டால் எச்சில்தான் ஒட்டிக்கொண்டு வரும், கிருமி வராது. துண்டுத்தாளில் நான்கு சிறு படங்களில் முடிந்துபோகும் இந்த வேலைதான் உண்மையில் சோதனையின் பாதி. குச்சி பின்சுவரைத் தொட்டதும் குழந்தைக்கு ஓங்கரிப்பு வரும், தலை பின்னால் போகும், பல் குச்சியைக் கடித்துக்கொள்ளும். பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் எடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஓங்கரிப்பே வராமல் சுகமாக முடிந்துவிட்டதென்றால் குச்சி போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்றே நான் சந்தேகப்படுவேன்.

அடுத்த பகுதி எளிது, பார்க்கவும் சுவாரசியமாக இருக்கிறது. முதல் புட்டியின் இளஞ்சிவப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் குழாயில் விட்டு, இரண்டாவது புட்டியிலிருந்து சேர்த்தவுடன் நிறம் வெளிறிய மஞ்சளாகிறது. நைட்ரைட்டும் அமிலமும் சேர்ந்து உருவாக்கும் நைட்ரஸ் அமிலம், கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பிரித்தெடுக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளை ஏ, பி என்று பிரித்து அடையாளம் காண 1933 முதல் பயன்பட்டுவரும் அதே பொருள்தான் அது. குச்சியை அந்தக் கலவையில் சுழற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, பிழிந்து எடுத்தபின் பட்டையை இறக்கினால் ஈரம் மெல்ல மேலேறிக் கோடுகளைக் காட்டுகிறது. மேலே உள்ள கட்டுப்பாட்டுக் கோடு தோன்றாவிட்டால் சோதனை செல்லாது. கீழ்க்கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், உரிய நேரத்துக்குள் தெரிந்தால் அது கிருமி இருப்பதையே காட்டும். 10 நிமிடம் கடந்தபின் தோன்றும் சாம்பல் நிறக் கீறலைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை துண்டுத்தாளில் இருக்கிறது, ஆனால் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

இவ்வகைச் சோதனைகளின் நம்பகத்தன்மை குழந்தைகளிடம் நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, ஸ்ட்ரெப் உள்ள 100 குழந்தைகளில் சுமார் 86 பேரை இச்சோதனை கண்டுபிடிக்கிறது, 14 பேரைத் தவறவிடுகிறது. ஸ்ட்ரெப் இல்லாத 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்குத் தவறாக இருக்கிறதென்று காட்டுகிறது. இவை பெரும்பாலும் பயிற்சி பெற்ற கைகள் எடுத்த மாதிரிகளின் கணக்கு. வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையிடம் பெற்றோர் எடுக்கும் மாதிரிக்கு இதே அளவை எதிர்பார்ப்பது சரியாகாது. பயிற்சி பெற்றவர்கள் எடுத்தாலும் சிலர் தவறவிடப்படுவதால்தான், குழந்தைகளுக்கு விரைவுச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தால் தொண்டை மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்குமாறு சில நாடுகளின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பெட்டியின் அட்டையோ ‘இல்லை’ என்ற முடிவையும் ‘இருக்கிறது’ என்ற முடிவையும் ஒரே உறுதியோடு பேசுகிறது.

யாருக்குச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தும் கோட்டின் மதிப்பு மாறுகிறது. நூற்றுக்கு 10 பேருக்கே ஸ்ட்ரெப் இருக்கக்கூடிய, அதாவது மூக்கொழுகலும் இருமலும் குரல் கம்மலுமாக இருக்கும் 100 குழந்தைகளைச் சோதித்தால், மேற்சொன்ன அளவுகளின்படி கீழ்க்கோடு காட்டுபவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது பொய்க்கோடாக இருக்கும். திடீரென்று காய்ச்சல் அடித்து, விழுங்க முடியாமல் வலித்து, டான்சில் வீங்கி வெண்படலம் படிந்து, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி, இருமல் இல்லாமல் இருக்கும் பிள்ளைக்குச் செய்யும்போதுதான் கோட்டை நம்பலாம். இன்னொரு சிக்கலும் உண்டு: எந்த நோயும் இல்லாத குழந்தைகளில் ஏறத்தாழ 12 சதவீதத்தினர் இக்கிருமியைத் தொண்டையில் சும்மா சுமந்து திரிகிறார்கள். நோயையும் வெறும் இருப்பையும் பட்டையால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதென்று வலியே இல்லாத உடன்பிறப்புகளுக்கும் மீதிக் குச்சிகளை நீட்டுவது வேண்டாத மருந்தில்தான் கொண்டுபோய் விடும். 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்நோயே அரிது என்பதால் பொதுவாகச் சோதனையும் தேவைப்படாது.

எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிடும், மூச்சுவிடச் சிரமப்படும், வாயைத் திறக்கவே முடியாத குழந்தையிடம் குச்சியை எடுக்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இதைப் பெட்டியின் வெளிப்புறத்திலேயே போட்டிருக்க வேண்டும்.

கிருமி இருக்கிறதென்று வந்தால் மருந்தை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர்தான், பெட்டி அவருக்கு மாற்றாக முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், இத்தனை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் இக்கிருமிக்கு எதிராகப் பெனிசிலின் தன் வலுவை இழக்கவில்லை. வலி தொடங்கிய 9 நாட்களுக்குள் ஆரம்பித்தாலும் வாதக் காய்ச்சலைத் தடுத்துவிட முடியும். வழக்கமான 10 நாள் மருந்தை முழுதாகக் கொடுக்க வேண்டும் என்பதும், முடிந்தபின் நலமாக இருக்கும் பிள்ளைக்கு மறுசோதனை வேண்டியதில்லை என்பதும் துண்டுத்தாளில் இல்லை.

அறிகுறிகளை எடைபோடத் தெரிந்த, தேவைப்பட்டால் தொலைபேசியிலாவது மருத்துவரிடம் பேச வழியுள்ள, பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்பெட்டியைப் பரிந்துரைப்பேன். குழந்தை இருமும்போதெல்லாம் நிம்மதிக்காகச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குவோர் காலாவதித் தேதியைப் பட்டையின் உறையில் மட்டுமன்றிக் கரைசல் புட்டிகளிலும் பார்த்துக்கொள்ளட்டும், வெயில் படாத இடத்தில் வைக்கட்டும், பட்டையின் உறையைக் கரைசல் தயாரான பிறகே பிரிக்கட்டும்.