பொய்க் குழாயா, பொய் ஒற்றனா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களை பிரிட்டன் ஏமாற்றிய கதை என்றாலே பலரும் 1944-ல் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் படை இறங்கியதைத்தான் சொல்வார்கள். என் ஓட்டு 1942-ல் எகிப்தில் நடந்த எல் அலமெய்ன் சண்டைக்கு.

ஒளிய ஒரு மரம் இல்லாத பாலைவனம். வடக்கே நிஜ டாங்கிகள் மேல் லாரி போலத் தெரியும் கூட்டைக் கவிழ்த்தார்கள். தெற்கே பெட்ரோல் டின்களை வைத்துப் பொய்யாக ஒரு தண்ணீர்க் குழாய் போட்டார்கள், அதுவும் வேண்டுமென்றே மெதுவாக, இது முடிய நவம்பர் ஆகும், அதுவரை தாக்குதல் வராது என்று விமானத்திலிருந்து பார்ப்பவன் கணக்குப் போடட்டும் என்று. அக்டோபர் 23 இரவே வடக்கில் அடி விழுந்தது.

நார்மண்டி விஷயத்தில் காற்றடைத்த டாங்கிகளின் படங்கள்தான் பிரபலம். ஆனால் அப்போது ஜெர்மன் உளவு விமானங்கள் பிரிட்டன் மேல் வருவதே அரிது, அதை யார் பார்த்தது? வேலை செய்தது, ஜெர்மனிக்கு உளவு சொல்வதாக நடித்து பிரிட்டனுக்கு உழைத்த இரட்டை ஒற்றர்கள், படை வேறு இடத்தில் இறங்கும் என்று விட்ட புளுகுதான். விளைவில் நார்மண்டி பெரிது, சரி, துணிச்சலில் பாலைவனம்தான். ஆனாலும் அந்த இரட்டை ஒற்றர்களில் ஒருவரான ஹுவான் புஜோல் என்ற ஸ்பெயின்காரரை ரசிக்காமல் இருக்க முடியாது: இல்லாத 27 ஒற்றர்களைக் கற்பனையில் படைத்து, அவர்களுக்கான செலவையும் ஜெர்மனியிடமே வாங்கியவர். இரண்டு தரப்பும் அவருக்கு விருது கொடுத்தன!