டிஃப் கியர் மாற்றுகிறேன் என்று 2,800 வெள்ளியைச் சுருட்டிய வொர்க்‌ஷாப்

பின் அச்சு கியர் (டிஃப் கியர், எஞ்சின் இழுவையைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் சக்கர ஜோடி) மாற்ற நினைக்கும் சிங்கப்பூர் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். என் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போய்விட்டது. வண்டியில் இன்னும் கம்பெனி கியர்தான் இருக்கிறது. நேற்றுதான் உறுதியானது. வயிறு எரிகிறது.

கடைப் பெயரை எழுதவில்லை, வழக்குப் போடப் போகிறேன். கிழக்குப் பக்கம் தொழிற்பேட்டை ஒன்றில் இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் வொர்க்‌ஷாப்.

என் வண்டி டொயோட்டா 86 மேனுவல். ஃபைனல் டிரைவ் ரேஷியோ 4.1, அதாவது எஞ்சின் பக்கமிருந்து வரும் டிரைவ் ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின், நடு ஆர்பிஎம்மில் இழுவை தொய்யும். ஹெடர் (எஞ்சின் புகைக் குழாய்), டியூனிங் எல்லாம் செய்தும் மலேசியாவின் செபாங் பந்தயத் தடத்தில் மெதுவான வளைவு முடிந்து வெளியே வரும்போது திணறும். 4.556 போட்டால் எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 11 விழுக்காடு கூடும். ஆனால் 97 கிலோமீட்டர் வேகம் வரை போகும் இரண்டாம் கியர் 87-லேயே முடிந்துவிடும்.

இதையெல்லாம் அந்த முதலாளி நான் கேட்காமலேயே சொன்னார். "தம்பி, 4.3 போட்டா வித்தியாசமே தெரியாது. 4.875 போட்டா எக்ஸ்பிரஸ்வேல காது வலிக்கும். 4.556தான் உனக்கு." சரியான பேச்சு. அப்புறம் பெட்டியைத் திறந்து, எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து, பினியனை (டிரைவ் ஷாஃப்ட்டோடு சுற்றும் சின்னப் பல் சக்கரம்) என் கையில் வைத்தார். "பல்ல எண்ணிப் பாரு." எண்ணினேன், ஒன்பது. அது சுற்றும் பெரிய பல் சக்கரமான கிரவுன் வீலில் 41. நாற்பத்தொன்றை ஒன்பதால் வகுத்தால் 4.556. "உன் வண்டிய என் வண்டி மாதிரி பாத்துக்குறேன் தம்பி" என்றார். அங்கேயே பேநவ்வில் (போன் வழிப் பணப் பரிமாற்றம்) 2,800 வெள்ளி அனுப்பினேன். பல்லை எண்ணிப் பார்க்கச் சொல்லும் ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

வண்டி கைக்கு வந்ததும் தீவு விரைவுச்சாலையில் ஆறாம் கியரில் 90-ல் பிடித்தேன். டயர் அளவு மாறவில்லை. 2,650-ஐத் தாண்ட வேண்டிய ஆர்பிஎம் பழையபடி 2,400-லேயே நின்றது. போனில் ஜிபிஎஸ்ஸும் அதே 90-ஐக் காட்டியது.

கேட்டால் முதலில், "புது கியர் தம்பி, செட் ஆக நாளாகும்." கியர் ரேஷியோ செட் ஆகுமா? பல் தேய்ந்து எண்ணிக்கை மாறுமா? அடுத்து, "உன் மீட்டர் தப்பு." அதற்கப்புறம் டிஃப் மூடியைத் திறந்து எடுத்த படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: "எண்ணிக்கோ, 41 பல் இருக்கு." எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! கம்பெனி 4.1-லும் கிரவுன் வீலுக்கு அதே 41 பல்தான். மாறுவது பினியன், பத்துக்குப் பதில் ஒன்பது. அந்தப் பினியன் படத்தில் இல்லை. பினியனைக் காட்டச் சொன்னதும், "பாஸ் ஜொகூர் போயிருக்காரு" என்று பையன் போனை எடுக்கத் தொடங்கினான். இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது.

வேறொரு கடையில் வண்டியைத் தூக்கி, நியூட்ரலில் இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துப் பத்துச் சுற்றுச் சுற்றினோம். டிரைவ் ஷாஃப்ட் 41 சுற்று. 4.556 என்றால் நாற்பத்தைந்தரை வந்திருக்க வேண்டும். 2,800 வெள்ளிக்கு அவர் டிஃப் எண்ணெயாவது மாற்றினாரா என்பதே சந்தேகம்.

எந்த ரேஷியோ எதற்கு என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய கிரவுன் வீலையும் பினியனையும் கையோடு கேட்டு வாங்குங்கள். வண்டியை எடுக்கும் முன் அங்கேயே சக்கரத்தைச் சுற்றி எண்ணுங்கள். ரேஷியோ எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். என் 2,800 வெள்ளிக்கான மனு இந்த வாரமே போகிறது. இதே மாதிரி 41 பல் படம் வேறு யாருக்காவது வந்திருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள்.