கபகோவின் அறையைக் கெடுக்காமல் அச்சடித்துத் தந்த கடை

கண்காட்சிக்கோ பாடத்துக்கோ பெரிய படம் அச்சடிக்க மட்டக்களப்பில் கடை தேடுகிறவர்கள் நம்பி இங்கே வரலாம். பெனர், கல்யாண அல்பம் எல்லாம் எந்தக் கடையிலும் செய்வார்கள், நான் போனது சோவியத் காலத்துக் கலைஞர் இலியா கபகோவைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சின்னக் காட்சி வைக்க.

கபகோவ் 1933இல், இன்று உக்ரைனில் இருக்கிற தினிப்ரோவில் பிறந்தவர். மொஸ்கோவில் படித்து, சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்து சீவித்தார். அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தொழில் அதுதான், தனக்கென்று செய்ததையெல்லாம் மாடியறை ஸ்டூடியோவுக்கு வந்த நண்பர்களுக்கு மட்டும் காட்டினார். 'தன் வீட்டிலிருந்து விண்வெளிக்குப் பறந்த மனிதன்' என்கிற நிறுவல், அதாவது ஒரு முழு அறையையே கலைப்படைப்பாக அமைத்தது, 1980களின் நடுவில் அங்கேதான் உருவானது. சுவர் முழுக்க சோவியத் பிரசாரச் சுவரொட்டி, நடுவில் தொங்குகிற ஆசனம், கூரையில் பெரிய ஓட்டை, தரையில் ஒரு சோடிச் சப்பாத்து. ஆளைக் காணவில்லை. பலகை அடித்த வாசலின் இடுக்கால்தான் நாம் எட்டிப் பார்க்கவேண்டும். 1988இல் நியூயோர்க்கில் வைத்தபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இந்த அறையின் படத்தை அச்சடிப்பது லேசான வேலை இல்லை. முதலில் வேறொரு கடையில் கொடுத்தேன், சிவப்பெல்லாம் செம்மஞ்சளாகி, சப்பாத்து இருட்டோடு இருட்டாகப் போய்விட்டது, கேட்டால் 'ஃபைல் அப்படித்தான்' என்றார்கள். இங்கே மெஷினில் நிற்கிற தம்பி முழுப்படத்தையும் அடிக்க முன்னர் ஒரு மூலையை மட்டும் ஏ4இல் எடுத்துக் காட்டி, "டீச்சர், இந்தச் சிவப்பு சரியா, சப்பாத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விடவா?" என்று கேட்டார். மினுங்குகிற தாளில் லைட் பட்டால் எழுத்து வாசிக்க ஏலாது, மெட் தாளில் அடிப்போம் என்றதும் அவர்தான். கபகோவின் படைப்புகளில் பாதி எழுத்துத்தான், அதனால் அந்த ஒரு யோசனையே எனக்குப் பெரிய உதவி.

தமிழ் விளக்கங்களை டைப் பண்ணித் தந்த அக்காவையும் சொல்லவேண்டும். தாயின் வாழ்க்கைக் குறிப்புகளை மங்கலான நீண்ட நடைவழியொன்றின் சுவரில் மாட்டி கபகோவ் செய்த நிறுவல் பற்றிய பக்கம் அது. மகன் மொஸ்கோவில் தங்கிப் படிக்க, பக்கத்தில் இருக்கவேண்டும் என்று வந்த தாய், குடியிருப்பு அனுமதி இல்லாமல் கிடைத்த இடத்தில் படுத்தெழும்பியவர். அக்கா டைப் பண்ணுவதை நிறுத்தி, "பிறகு அந்த அம்மாவுக்கு வீடு கிடைத்ததா?" என்று கேட்டார். அவர் அவ்வளவு கவனமாக வாசித்ததால் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, எங்கள் ஊரில் தமிழ் பெனர்களைப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறை என்றால், சொன்ன நாளுக்குத் தரமாட்டார்கள், ஃபோனும் எடுப்பது குறைவு. மற்ற இடங்களைவிடக் காசும் கொஞ்சம் கூட, ஆனால் திருப்பி அடிக்க வேண்டி வரவில்லை. கல்யாண சீசனில் போகாதீர்கள். படத்தை பென் டிரைவில் கொண்டுபோங்கள், வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சின்ன எழுத்தெல்லாம் அழிந்துவிடும்.