சராசரி 60, நடுவில் திக்கல்: பட்ஜெட் பிசியும் கன்சோலும் நெடுநாள் பயன்பாட்டில்

பட்ஜெட்டுக்குள் கேமிங் பிசியா, கன்சோலா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சராசரி எஃப்பிஎஸ் (ஒரு செகண்டில் திரையில் வரும் ஃபிரேம்கள், அதாவது படங்கள்) எண்ணை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ரைசன் 5 5600 பிராசஸர், ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம் கொண்ட பிசியையும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநாள் ஆடிய பிறகு சொல்கிறேன்: அந்த எண் இந்தக் கேள்விக்கு உதவாது. பெஞ்ச்மார்க்கில் பிசி ஜெயிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஸ்பெசிஃபிகேஷன் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. நான் பேச வந்தது ஸ்டட்டர் பற்றி மட்டும். சீராக ஓடிக்கொண்டிருக்கும் கேம் ஒரு கணம் திக்கி நின்று, பிறகு ஒன்றும் நடக்காதது போல் ஓடுமே, அது.

60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஒரு நிமிடத்தில் ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 200 மில்லிசெகண்ட் இழுத்துவிட்டால் அந்த நிமிடத்தின் சராசரி 59.8. அட்டவணையில் அது 60தான். கையில் கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்கோ 11 ஃபிரேம் காணாமல் போயிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் புது எதிரி பாயும்போது, முதல் வெடிப்பு வெடிக்கும்போது, அதாவது கண்டிப்பாக இருக்க வேண்டிய நேரத்தில். ரிவ்யூ பார்க்கும்போது சராசரியை விட்டுவிட்டு 1% லோ எண்ணையும் (மிக மெதுவான 1% ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்), முடிந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைக் காட்டும் ஃபிரேம் டைம் கோட்டையும் பாருங்கள். கோடு தட்டையாக இருந்தால் 45 எஃப்பிஎஸ் கூட நன்றாக இருக்கும். ஊசி ஊசியாக எகிறினால் 90 இருந்தும் பயனில்லை.

இது ஏன் பிசியில் அதிகம்? ஒளி, நிழல், புகை, தண்ணீர் என்று திரையில் தெரியும் ஒவ்வொன்றையும் வரைய கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சிறு சிறு நிரல்கள் வேண்டும். அவைதான் ஷேடர்கள். அந்தந்தச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு அவற்றைக் கம்பைல் செய்தாக வேண்டும். கன்சோலில் சிப் ஒன்றே ஒன்று என்பதால் கேமை உருவாக்குபவர்கள் கம்பைல் செய்தே அனுப்பிவிடுகிறார்கள். தைத்த சட்டை மாதிரி எடுத்து மாட்டிக்கொள்ளலாம். பிசியில் யாரிடம் எந்தக் கார்டு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் எது என்று தெரியாது. துணியாக அனுப்பி, தையல் வேலையை உங்கள் பிராசஸர் தலையில் கட்டுகிறார்கள். கேம்கள் கிராஃபிக்ஸ் சிப்போடு பேச விண்டோஸ் தரும் டைரக்ட்எக்ஸின் 12ஆம் பதிப்பு வந்த பிறகு இந்தப் பொறுப்பு கேம் உருவாக்குபவர்கள் கைக்கு இன்னும் அதிகமாகப் போனது. அவர்கள் முன்கூட்டியே செய்யத் தவறினால் ஆட்டத்தின் நடுவில் கம்பைல் நடக்கும். அதுதான் திக்கல்.

2022 டிசம்பரில் வந்த தி காலிஸ்டோ புரோட்டோகால் பிசியில் வெளியான அன்று இதனால்தான் அடி வாங்கியது. 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 நேர்மாறாக எல்லாவற்றையும் மெனுவிலேயே கம்பைல் செய்தது. வேகம் குறைந்த பிராசஸர்களில் அதற்கே அநியாயத்துக்கு நேரம் பிடித்தது. 2022இல் எல்டன் ரிங் பெரிய பிசிக்களில் திக்கியபோது, பல மடங்கு சக்தி குறைந்த ஸ்டீம் டெக்கில் (வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கருவி) மென்மையாக ஓடியது. டெக்கின் வன்பொருள் ஒன்றே ஒன்று என்பதால் வால்வ் ஷேடர்களை முன்பே தயாரித்து அனுப்ப முடிந்தது; அந்தக் கேம் நினைவகம் கேட்கும் விதத்தால் வந்த பெரிய திக்கல்களையும் தன் மென்பொருளில் சரிசெய்தது. பல கேம்களை உருவாக்கப் பயன்படும் அன்ரியல் எஞ்சினில் 5.2 பதிப்பு முதல் முன்கூட்டிய கம்பைல் வசதி மேம்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்டும் 2025இல் டவுன்லோடோடு சேர்த்தே ஷேடர்களைத் தரும் முறையை ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அலை கையடக்கக் கருவிகளில் தொடங்கியது. திசை சரிதான். ஆனால் ஏற்கெனவே வெளியாகி, இன்று தள்ளுபடியில் நாம் வாங்கும் கேம்களுக்கு இதனால் பெரிய விடிவு இல்லை. பட்ஜெட் ஆட்டக்காரர்கள் அதிகம் ஆடுவது அவற்றைத்தான்.

எல்லாத் திக்கலும் ஷேடரால் வருவதில்லை. மருந்துக்கு முன் நோயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாடியூனரில் ஃபிரேம் டைம் கோட்டைத் திரையில் போடுங்கள். திக்கிய இடத்துக்கு கேமை மூடாமல் திரும்பப் போங்கள். முதல் முறை திக்கி இரண்டாம் முறை வழுக்கிக்கொண்டு போனால் ஷேடர். அதே வாசலில், அதே பாலத்தில் ஒவ்வொரு முறையும் திக்கினால், கேம் அடுத்த பகுதியை ஏற்றும் விதத்திலேயே கோளாறு. நீங்கள் என்ன செட்டிங்ஸ் மாற்றினாலும் முழுதாகப் போகாது, பேட்ச்தான் வர வேண்டும். தொடக்கத்தில் நன்றாக ஓடி, நேரம் ஆக ஆக மோசமாகி, சுவர்களின் டெக்ஸ்சர் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால் கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டது. திக்கலாக இல்லாமல் எஃப்பிஎஸ் ஒரேயடியாக இறங்கி அங்கேயே நின்றால் சூடு. கேபினட்டில் காற்று போகவில்லை, அல்லது தூசி.

ஷேடருக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. மெனுவில் கம்பைல் பட்டை ஓடும்போது தவிர்த்துவிட்டு உள்ளே போகாதீர்கள், முடியட்டும். புது டிரைவர் போட்டால், கம்பைல் செய்து சேமித்துவைத்த பழைய கேஷ் பெரும்பாலும் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து நடக்கும். அதனால் ஒரு கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் டிரைவரை மாற்றாமல், முடித்துவிட்டு மாற்றுவது நல்லது. என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் அளவை 10 ஜிபிக்கு உயர்த்துங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: விண்டோஸின் டிஸ்க் கிளீனப் பட்டியலில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. இடம் கிடைக்கிறதே என்று அதை டிக் செய்து அழித்தால், அடுத்த முறை எல்லாக் கேமும் முதல் நாள் போலத் திக்கும். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் ஆப்களும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். கேஷ் கெட்டுப்போய் கேம் மூடிக்கொள்ளும்போது மட்டும் அதை அழித்தால் போதும்.

நினைவகப் பிரச்சினைக்கு வழி எளிது. 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குங்கள். 1080பியில் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது. பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசரும் கார்டின் நினைவகத்தைத் தின்னும், அதை மூடுங்கள். மானிட்டர் ஃப்ரீசிங்க் (கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் வசதி) உள்ளதாக இருந்தால் அதன் ரெஃப்ரெஷ் வேகத்துக்கு 3 எஃப்பிஎஸ் கீழே வரம்பு வைத்துவிடுங்கள், சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் மறைந்துவிடும்.

இன்னொரு வகைத் திக்கல் இருக்கிறது, வாங்கும் அன்றே காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது. எனக்கு அதிகக் கோபம் வருவது இதில்தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டின் 4 ஜிபி நினைவகம் 144 ஜிபி/செகண்ட் வேகத்தில் இயங்கும். அது நிரம்பினால் மிச்சம் மதர்போர்டு வழியாக ராமிலிருந்து வர வேண்டும். கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பாதைதான் பிசிஐஇ, அதில் இந்தக் கார்டுக்கு 4 லேன்தான். பிசிஐஇ 4.0 என்றால் அந்த வழி சுமார் 8 ஜிபி/செகண்ட், 3.0 என்றால் வெறும் 4. மலிவு பிசி பில்டுகளில் இதோடு ஜோடி சேர்க்கப்படும் ரைசன் 5 5500, 5600ஜி இரண்டுமே பிசிஐஇ 3.0 மட்டும் உள்ளவை. பெயரில் 5600 இருக்கிறதே என்று 5600ஜியை எடுத்தால் பிராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷும் 32 எம்பியிலிருந்து 16 எம்பியாகக் குறைந்துவிடும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பாகமும் பரவாயில்லை என்று தோன்றும், சேர்த்து வைத்தால் ஆட முடியாது. இந்த ஜோடியைக் கேமிங் பிசி என்று விற்பது நியாயமே இல்லை.

ராம் விஷயமும் அப்படித்தான். ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் வேண்டாம், 8 ஜிபி இரண்டு போடுங்கள், இரண்டு சானலில் ஓடட்டும். போட்ட பிறகு பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) ராமை வாங்கிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் 3200 என்று வாங்கிய ராம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் கேபிள் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், கார்டில்தான் இருக்க வேண்டும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், ஒரு ஸ்டிக் இப்போது, மற்றது பிறகு என்று தோன்றும். அப்படிச் செய்தால் 1% லோதான் முதலில் விழும்.

பழைய ஆபீஸ் பிசி வாங்கிக் கார்டு செருகும் யோசனையும் அடிக்கடி வரும். இன்டெல் 7ஆம் தலைமுறை வரையிலானவற்றுக்குப் பெரும்பாலும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அந்தப் பெட்டிகளின் பவர் சப்ளையில் கார்டுக்கான 6 பின் வயர் பெரும்பாலும் இருக்காது. 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் போடலாம். அதற்கு ஆர்எக்ஸ் 6400 என்று போனால் மறுபடி அதே 4 லேன், அதுவும் பிசிஐஇ 3.0இல்.

இனி சீரிஸ் எஸ். இதன் நினைவகம் 10 ஜிபி, அதில் 8 ஜிபி மட்டுமே வேகமானது. பல கேம்களில் தெளிவு 1080பிக்கும் கீழே இறங்கும், சிலவற்றில் 30 எஃப்பிஎஸ் மட்டுமே. பால்டர்ஸ் கேட் 3 2023 டிசம்பரில் வந்தபோது சீரிஸ் எஸ்ஸில் மட்டும் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி இல்லை. 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கன்சோலிலும் திக்கும் கேம்கள் உண்டு. ஆனால் ஷேடர் திக்கல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. போட்டால் ஓடுகிறது. எதிர்பாராத மகிழ்ச்சி குவிக் ரெஸ்யூம். ஆட்டத்தின் நிலையை அப்படியே எஸ்எஸ்டியில் எழுதிவைப்பதால் மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஆன்லைன் கேம்களுக்கு மட்டும் இது பயன்படாது, இணைப்பு அறுந்துவிடும். ஆடும்போது கன்சோல் இழுப்பது சுமார் 75 வாட். என் பிசியில் கார்டுக்கு மட்டுமே 132 வாட்.

512 ஜிபி மாடலில் கையில் கிடைப்பது 364 ஜிபி. 100 ஜிபியைத் தாண்டும் கேம் மூன்று போட்டால் கதை முடிந்தது. கூடுதல் இடத்துக்கு அதற்கென்றே விற்கும் விரிவாக்கக் கார்டுதான் வேண்டும், சாதாரண எஸ்எஸ்டியைவிட அது விலை அதிகம். யுஎஸ்பி டிரைவில் புதுத் தலைமுறைக் கேம்களைப் பத்திரப்படுத்தலாம், அங்கிருந்து ஆட முடியாது. ஆனாலும் அதிலிருந்து உள்ளே நகர்த்துவது மறுபடி டவுன்லோட் செய்வதைவிட வேகம், அந்த ஒரு காரணத்துக்காகவே ஒன்று வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் டிரைவ் இல்லாததால் ஒரே கடையின் விலைக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். பழைய டிஸ்க் வாங்கி ஆடி விற்கும் வழி அடைபட்டுவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட மாதச் சந்தா வேறு. இலவசக் கேம்களுக்கு எக்ஸ்பாக்ஸில் 2021 ஏப்ரலிலிருந்து சந்தா தேவையில்லை. நான்கைந்து வருடச் சந்தாவைக் கன்சோல் விலையோடு கூட்டிப் பார்க்காமல் கன்சோல் மலிவு என்று யாரும் சொல்லக் கூடாது.

அப்படிக் கூட்டினால் பிசிதான் லாபம். கடைகள் பல, தள்ளுபடிகள் பல, எபிக் தரும் இலவசக் கேம்கள், பத்துப் பதினைந்து வருடம் பழைய கேம்கள், ரசிகர்கள் கேமில் செய்யும் மாற்றங்களான மாட்கள், ஸ்டிக் டிரிஃப்ட் (தொடாமலே கன்ட்ரோலர் ஸ்டிக் நகர்வதாகக் காட்டுவது) வந்தால் எல்லாக் கேமுக்கும் சேர்த்து ஸ்டீமிலேயே டெட்சோனை (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கணக்கில் எடுக்காத எல்லை) மாற்றும் வசதி, படிக்கவும் வேலை செய்யவும் அதே பெட்டி. தாளில் எழுதிப் பார்த்தால் கன்சோலுக்குப் பாதி மதிப்பெண்தான் வரும்.

இருந்தும் என் பதில் கன்சோல். ஆடக் கிடைப்பது வேலை முடிந்து மிஞ்சும் கொஞ்ச நேரம். அதில் கால்வாசியை ஃபிரேம் டைம் கோட்டைப் பார்த்துக்கொண்டே கழிப்பது அலுத்துவிட்டது. கேம் விளையாடுவது மட்டுமே நோக்கம், பணமும் குறைவு என்றால் கன்சோல் எடுங்கள். கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் சீரிஸ் எஸ்ஸை விட்டுவிட்டு டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 எடுங்கள். அதில் சாதாரண எம்.2 எஸ்எஸ்டியே போடலாம், பிசிஐஇ 4.0, 5500 எம்பி/செகண்ட் வேகம், ஹீட்சிங்க்கோடு சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி.

அதே பெட்டியில் வேலையும் நடக்க வேண்டும், அதனால் பிசிதான் என்றால் குறைந்தபட்சம் இவை வேண்டும்: ஜி இல்லாத ரைசன் 5 5600, 8 ஜிபி ராம் ஸ்டிக் இரண்டு, 8 லேனும் 8 ஜிபி நினைவகமும் உள்ள கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பெயருள்ள 550 வாட் பவர் சப்ளை. இதில் ஒன்றைக் குறைத்தால்தான் பட்ஜெட்டுக்குள் அடங்கும் என்றால் இப்போது வாங்காதீர்கள். கேபினட்டின் கண்ணாடி, விளக்கு ஃபேன்கள் இவற்றில் குறைத்துக்கொள்ளுங்கள்.