டெஸ்மாஸ் வரைபடக் கருவி: இயற்கணிதச் சார்புகளுக்குப் போதுமா?

டெஸ்மாஸ் இலவசம். a(x-h)²+k என்று தட்டினால் a, h, k மூன்றுக்கும் நகர்த்திகளை (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டைகளை) தருகிறது. a குறையெண்ணானதும் பரவளையம் கவிழ்வதை உடனே காணலாம். இருபடி, முப்படிச் சார்புகளுக்கு இதுவே தாராளம்.

விகிதமுறு சார்புகளில்தான் (பின்ன வடிவில் வருபவற்றில்தான்) கவனம் தேவை. 1/x-2 எனத் தொடர்ந்து தட்டினால் -2 பின்னத்தின் பகுதிக்குள், அதாவது கோட்டுக்குக் கீழே, போய்விடும். வளைவரை 2 அலகு கீழே இறங்காமல் வலப்புறம் நகரும். x-க்குப் பின் வலது அம்புக்குறியை அழுத்தி வெளியே வரவேண்டும். 1/(x-2)-இன் தொலைத்தொடுகோட்டையும் (வளைவரை நெருங்கிச் செல்லும், ஆனால் தொடாத கோட்டையும்) அது வரையாது, x=2 என நாமே சேர்க்க வேண்டும்.

பெரிய குறை (x²-1)/(x-1)-இல். x=1-இல் மதிப்பே இல்லாததால் வரும் துளை எளிதில் கண்ணில் படாமல் முழு நேர்கோடாகவே தோன்றக்கூடும். கோட்டின்மேல் புள்ளியை நகர்த்திப் பார்த்தால் பிடிபடும். எனவே சார்பகத்தை (சார்புக்கு மதிப்பு இருக்கும் x-களை) முதலில் தாளில் கண்டுபிடித்துவிட்டு, பிறகு திரையைப் பாருங்கள். √(x-3) போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை: (3, 0)-இல் ஒழுங்காகத் தொடங்குகிறது.